மருமகனுக்கு நான் அண்ணனாக இருந்த நாட்கள்

என் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன் எனக்குத் தம்பி என்று நான் நம்பினேன். வாய்க்கு வந்தபடி கூப்பிடுகிற தம்பி இல்லை, மார்க்கப்படி தம்பி. அப்படியென்றால் என் மகளுக்கு அவன் சித்தப்பா. கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கப் போகிற நேரத்தில் இந்த ஞானம் எனக்கு வந்தது. வந்தவுடன் நான் எடுத்த ஒரே நடவடிக்கை, இனிமேல் டீயில் பால் வேண்டாம் என்று வீட்டில் சொன்னது.

பால் எங்கிருந்து வந்தது என்பதற்கு வருகிறேன். முதலில் இந்த வேண்டாத வேலையில் நான் எப்படி மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் எனக்குக் கடை. மாங்காய் அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேட், அட்டைப்பெட்டி, பழைய பேப்பர், வைக்கோல், சணல் இதெல்லாம் விற்கிறேன். மாமரம் காய்த்து மாங்காய் லாரி ஏறுகிற மாதங்களில் எனக்குச் சாப்பிட நேரம் கிடைக்காது. கடைசி லாரி போய்விட்டால், அடுத்த பூ பூக்கிற வரைக்கும் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அந்த மாதங்களில் நான் வீட்டில் இருந்தால் என் மனைவிக்கு பிரஷர் ஏறுகிறது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். டாக்டருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது மனைவிதான். எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா அடுக்களைக்கு வந்து சட்டி மூடியைத் திறந்து பார்க்காதீர்கள் என்றாள். பக்கத்துக் கடைக்காரர் கோழி வளர்க்கப் போனார். நான் குடும்ப வரலாறு ஆராயப் போனேன். கோழிக்காவது முட்டை உண்டு.

எடுத்த எடுப்பில் நான் தேடியது குதிரையை. ராவுத்தர் என்றால் குதிரை வீரன் என்று எங்கள் ஆட்கள் எல்லாக் கல்யாணத்திலும் பேசிக்கொள்வார்கள். பிரியாணி உள்ளே இறங்க இறங்கக் குதிரைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். சரி, நம் வீட்டுக் குதிரை எது என்று பார்ப்போம் எனக் கிளம்பினேன். கொல்லங்கோடு, சித்தூர், பொள்ளாச்சி என்று சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர் எல்லாவற்றுக்கும் பைக்கில் போய், போன் ரிக்கார்டரை நடுவில் வைத்துக் கேட்டேன். என்னைப் பெற்ற அத்தாவுக்கு அத்தாவுக்கு அத்தா வரைக்கும் ஏறிவிட்டேன். குதிரை கிடைக்கவில்லை. கழுதை கிடைத்தது. அந்தப் பெரியவர் அடிவாரத்திலிருந்து எஸ்டேட் தொழிலாளர் லயங்களுக்குக் கழுதைமேல் அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு போய் விற்றவராம். எத்தனை கழுதை என்பதில் மட்டும் சொந்தங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இப்போதுதான் உங்கள் ஆராய்ச்சியில் எனக்கு நம்பிக்கை வருகிறது என்றாள்.

அவமானம் ஒன்றும் என்னை நிறுத்தவில்லை. பழைய ஃபிளக்ஸ் பேனர் ஒன்று குடோனில் கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் வம்ச மரம் வரைய ஆரம்பித்தேன். மேலே கழுதைக்காரர், கீழே கீழே நாங்கள். கல்யாண வீடு, மையத்து வீடு எதுவாக இருந்தாலும் மூலையில் ஒரு முதியவரைப் பிடித்து, உங்கள் அம்மாவைப் பெற்றவர் பெயர் என்ன என்று தொடங்கிவிடுவேன். தொழுகை முடிந்தபின் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் என் செருப்பைக் கண்டால் எழுந்து போக ஆரம்பித்தார்கள். என் மச்சான் என் நம்பரைப் பார்த்தால் போனைத் தன் குழந்தையிடம் கொடுத்துவிடுவான். அந்தக் குழந்தையும் எனக்கு இரண்டு பெயர் சொல்லியிருக்கிறது.

இதற்கு நடுவில்தான் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது.

மகள் பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அதுவரை வந்த பையன்களை எல்லாம் ரத்தம் பரிசோதிக்கிற மாதிரியே பார்த்து ரிசல்ட் எழுதி அனுப்பிவிட்டாள். ஒருவன் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட முடியுமா என்று கேட்டானாம், அவன் போனான். ஒருவன் எதுவுமே கேட்கவில்லையாம், அவனும் போனான். கடைசியாக இடுக்கி மலையில் இருக்கிற ஏலப்பாறையிலிருந்து ஒரு வீட்டார் கேட்டு வந்தார்கள். பையனுக்கு மூணாறு பக்கத்து மாட்டுப்பட்டியில் அணைக்கட்டுப் பக்கம் கடை, டூரிஸ்டுகளுக்கு டீத்தூளும் சாக்லேட்டும் விற்கிறான். பெண் பார்க்க வந்த அன்று மகளின் வேலை என்னவென்று கேட்டவன், ஊசியைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வரும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். மகள் சிரித்தாள். மரியாதைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை அது. தட்டிலிருந்த மிக்சர் கொட்டுகிற அளவுக்குச் சிரித்தாள். அன்றைக்கே எனக்கும் மனைவிக்கும் தெரிந்துவிட்டது, இதுதான் முடியப்போகிறது என்று. இது முடியாவிட்டால் இனி எதுவும் முடியாது என்றும்.

நிச்சயம் ஆனது. ஆடிட்டோரியத்துக்கு முன்பணம் கொடுத்தோம். நான் சும்மா இருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டு ஆட்களையும் ஃபிளக்ஸில் ஏற்றிவிட்டால் மரம் முழுமையாகிவிடும் என்று எனக்கு ஆசை. ஏலப்பாறையில் என் அத்தாவின் தங்கை, எனக்கு மாமி, இன்னும் திடமாக இருக்கிறார். நான் பிறந்ததே அந்த ஊரில்தான். அத்தா அங்கே ஒருவரோடு கூட்டாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார், நான் தவழ்கிற வயதில் கடையை விட்டுவிட்டு முதலமடைக்கு வந்துவிட்டார். அத்தாவும் அம்மாவும் இப்போது இல்லை. அந்த ஏலப்பாறைக் காலத்தைப் பற்றிக் கேட்க மாமியை விட்டால் ஆள் கிடையாது. போன் போட்டேன். மாமி டிவியின் சத்தத்தைக் குறைக்காமலே பேசினார்.

"ஒனக்கு எப்படிடா ஞாபகம் இருக்கும், கைப்பிள்ள நீ. ஒங்கம்மாவுக்கு மஞ்சக்காமாலை வந்து கோட்டயத்து ஆஸ்பத்திரில கெடந்தா. புட்டிப்பால வாயில வச்சா துப்புற. நீ அழுத அழுகைல ஃபாக்டரி சங்கு கேக்கல. பக்கத்துக் கடைக்காரர் சம்சாரம்தான் தூக்கிட்டுப் போயி, ஒங்கம்மா திரும்பி வர்ற வரைக்கும் தன் பாலக் குடுத்து வச்சிருந்தா. அது யாருங்குற? நம்ம மாப்பிள்ளையோட அம்மா இருக்கால்ல, அவளப் பெத்தவ."

இதைச் சொல்லிவிட்டு மாமி சீரியலுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு ஒரு பரிசைக் கொடுத்த திருப்தி அவர் குரலில்.

எங்கள் மார்க்கத்தில் தாய்ப்பால் விளையாட்டுச் சமாசாரம் இல்லை. ஒரு பெண் அடுத்தவர் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து வளர்த்தால், அந்தக் குழந்தை அவளுக்கும் பிள்ளை ஆகிவிடும். அவள் பெற்ற பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு ஆகிவிடும். பால்குடி உறவு என்பார்கள். சொந்த அண்ணன் தங்கைக்குள் எப்படிக் கல்யாணம் ஆகாதோ அப்படியே அங்கும் ஆகாது. இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பதுதான் விவகாரம்.

குடோனுக்கு ஓடினேன். ஃபிளக்ஸை விரித்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கீழே இடம் பற்றாமல் ஓரமாக ஒரே வரிசையில் நெருக்கி எழுதியிருந்தேன். பால் கொடுத்த அம்மையாரின் பெயரிலிருந்து எனக்கு ஒரு பச்சைக் கோடு இழுத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். அம்மையார் பெயருக்கு இந்தப் பக்கம் பச்சைக் கோட்டில் நான் தொங்குகிறேன். அந்தப் பக்கம் கறுப்புக் கோட்டில் மாப்பிள்ளை. இருவரும் ஒரே மட்டத்தில். அந்த வீட்டுப் பிள்ளை அவன், அந்த வீட்டுப் பிள்ளை நான். ஆகவே அண்ணன் தம்பி. ஆகவே என் மகள் அவனுக்கு அண்ணன் மகள். ஆகவே முடிந்தது கதை. இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கு எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட வந்ததில்லை.

பச்சைக் கோட்டைப் பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்தேன். கோடு போகவில்லை, என் தாத்தா பெயர் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்குப் பால் ஆகாமல் போயிற்று. கட்டன் சாயாதான். மனைவி முதலில் சுகர் என்று சந்தேகப்பட்டாள், பிறகு மஞ்சள்காமாலை என்று சந்தேகப்பட்டு என் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தாள். காலையில் பால் வண்டி ஹார்ன் அடித்தால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். போதாக்குறைக்கு மாப்பிள்ளைப் பையன் தினமும் போனில் எனக்குக் காலை வணக்கம் அனுப்புவான். மாட்டுப்பட்டியில் இருப்பவன் என்ன படம் அனுப்புவான்? மாட்டுப் பண்ணையில் பசுக்கள் மேய்கிற படம். மடி தெரிகிற மாதிரி.

போனில் வீடியோக்கள் பார்த்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தே விரலை நீட்டிப் பேசுகிற மாதிரி இருந்தது. கடைசியில், நிக்காஹ் செய்து வைக்கப் போகிற எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே போனேன். ஒரு ஸ்நேகிதனுக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்து, பால்குடித் தம்பிக்கு ஒருவர் தன் மகளைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஆகாது என்றார். ஏதாவது ஒரு வழியில்? எந்த வழியிலும் ஆகாது என்றார். பிறகு, யார் அந்த ஸ்நேகிதர் என்று விசாரித்தார். வெளியூர் என்றேன். எனக்கு வெளியூரில் ஸ்நேகிதன் இருப்பதை நம்பாதவர் போல ஹஜ்ரத் தாடியைத் தடவினார்.

யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் கல்யாணம் நடக்கும், அது அதைவிட மோசம். ஆகவே நடுவில் ஒரு வழியைப் பிடித்தேன், தள்ளிப்போடுவது. பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தீர்களா என்றால், எழுத்து சரியில்லை என்பேன். எழுத்து சரியானால், காகிதம் மெல்லிசு என்பேன். இடுக்கியில் மழை, மண் சரிந்து ரோடு அடைபட்டால் மாப்பிள்ளை வீட்டார் எப்படி வருவார்கள் என்று ஒரு நாள் உருக்கமாகப் பேசினேன். வெளியே அப்போது வெயில் பொரிந்துகொண்டிருந்தது. முதலமடையில் நின்றுகொண்டு மழையைப் பற்றி உருகினால் யார் நம்புவார்கள்?

மகள் குடோனுக்கு வந்தாள். நான் கிரேட்டுகளை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். சீசன் இல்லாத நாளில் அந்த வேலைக்கு எந்த அவசியமும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"அத்தா, அவரப் பத்தி எதாச்சும் கேள்விப்பட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"குடிப்பாரா?"

குடித்தது அவன் இல்லையம்மா, நான்தான் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"உங்களுக்குப் பிடிக்கலீன்னா இப்பவே சொல்லிப் போடுங்க, நான் நிறுத்திக்கறேன். ஆனா அதுக்கப்புறம் வேற யாரையும் கூட்டிட்டு வராதீங்க."

அவள் அழவில்லை. ஒரு கிரேட்டை எடுத்து நான் அடுக்கியதன்மேல் நேராக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தால்கூட இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருப்பேன்.

மறுநாளே ஏலப்பாறைக்குக் கிளம்பினேன். வீட்டில் ஆராய்ச்சி என்று சொன்னேன். இன்னும் என்ன மிருகம் பாக்கி இருக்கிறது என்று கேட்டுவிட்டு மனைவி ஒரு பரணி உப்பு மாங்காயைக் கையில் கொடுத்து அனுப்பினாள். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு. பஸ் வளைவில் திரும்பத் திரும்ப நான் வசனம் ஒத்திகை பார்த்தேன். சம்பந்தியம்மாவிடம் எப்படித் தொடங்குவது? உங்கள் வீட்டில் நான் ஒரு காலத்தில் சாப்பிட்டிருக்கிறேன் என்று தொடங்கலாமா? பக்கத்தில் இருந்தவர் என் உதடு அசைவதைப் பார்த்து, நான் ஓதுகிறேன் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார். மூணாற்றில் வண்டி மாறி மலையைச் சுற்றி ஏலப்பாறையில் இறங்கியபோது சட்டை முழுக்க உப்பு மாங்காய்த் தண்ணீர். பரணியின் மூடியும் என்னைப் போல வழியிலேயே விட்டுப்போயிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் இருந்தார். அவருடைய வீட்டுக்காரர் கடையில் வியாபாரமாக இருந்தார், அது நல்லதாகப் போயிற்று. சொல்லாமல் கொள்ளாமல் வந்த சம்பந்தியைப் பார்த்து அந்த அம்மா பதறவில்லை. உட்கார வைத்து, ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். பால் தாராளமாக ஊற்றிய டீ, மேலே ஆடை மிதந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை.

"உங்கம்மா எனக்குப் பால் குடுத்திருக்காங்க" என்றேன்.

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அது தெரிஞ்சுதான பொண்ணு கேட்டு ஆள் விட்டேன்."

இந்த அம்மாவுக்கு விஷயத்தின் கனம் புரியவில்லை என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, அப்படியென்றால் உங்கள் மகன் எனக்குத் தம்பி ஆகிறானே, இந்தக் கல்யாணம் எப்படி ஆகும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார், கணக்கு வராத பிள்ளைக்கு முன்னால் உட்கார்கிற மாதிரி.

"எங்கம்மாகிட்ட பால் குடிச்சீங்க. அப்ப எனக்கு நீங்க அண்ணன்."

"ஆமா."

"அவன் என் வயித்துல பெறந்தவன்."

"ஆமா."

"அப்ப நடுவுல இருந்த என்னைய எங்க தூக்கிப் போட்டீங்க?"

ஃபிளக்ஸில் இடம் இல்லை என்று சொல்ல வந்தேன். ஒரே வரிசையில் நெருக்கி எழுதிய பெயர்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அம்மையாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இவர் பெயரை என் கையாலேயே எழுதியிருந்தேன். என் பச்சைக் கோடு அவரோடு ஒரே மட்டத்துக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். நான் ஒரு தலைமுறை கீழே குதித்து மாப்பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"நீங்க அவனுக்குத் தாய்மாமன்" என்றார். "ஒங்க மக அவனுக்கு மாமன் மக. ஒங்க வீட்டுக்காரவுக ஒங்களுக்கு என்ன முறை?"

"என்... மாமன் மகள்."

"அது ஆச்சுல்ல?"

ஆச்சு என்றேன். ஆகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. மாமன் மகளைக் கட்டிக்கொண்டு, அவள் ஊற்றுகிற டீயைக் குடித்துக்கொண்டே, மாமன் மகளைக் கட்டலாமா என்று நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன் பிறகு அவர் சொன்னதை நான் என் ரிக்கார்டரில் பதிவு செய்யவில்லை. பதிவு செய்யத் தோன்றவில்லை. அவர் பிறந்த வீட்டில் எல்லாம் பெண் பிள்ளைகள். ஒரு ஆண் குழந்தை பிறந்து தங்கவில்லை. அந்தக் குழந்தை போன சமயத்தில்தான் அவருடைய அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கடைசி வரைக்கும், எனக்கு முதலமடையில் ஒரு பையன் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். இவர் மகனுக்கு வயது வந்ததும், கல்யாணத்துக்கு மாமன் என்று ஒருவர் வந்து நிற்க வேண்டுமே என்று யோசித்து, என் மாமியிடம் விசாரித்து, எனக்கு ஒரு மகள் இருப்பதைத் தெரிந்துகொண்டு கேட்டு வந்திருக்கிறார். ஃபிளக்ஸ் இல்லை, மார்க்கர் இல்லை. என்னைவிட நன்றாக ஆராய்ச்சி செய்திருக்கிறார்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியாம இருக்கும்னு யாரு கண்டா? ஊரெல்லாம் போயி வம்சம் எழுதுறீகன்னு மாமி சொன்னாக."

அங்கிருந்தே ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். இந்த முறை கேள்வியை ஒழுங்காகக் கேட்டேன், பால்குடித் தங்கையின் மகனுக்கு மகளைக் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். அன்றைக்கு ஆகாது என்றீர்களே என்றேன். அன்றைக்குக் கேட்டது தம்பியை, இன்றைக்குக் கேட்பது தங்கை மகனை என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, வெளியூர் ஸ்நேகிதருக்கு இப்போது சுகம்தானே என்று விசாரித்தார்.

அடுத்தது மனைவிக்கு. முழுக்கக் கேட்டாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "என்னையக் கட்டறப்ப இவ்வளவு ரோசன பண்ணியிருந்தா நானாச்சும் தப்பிச்சிருப்பேனுங்க" என்று போனை மகளிடம் கொடுத்தாள். மகள்தான் சிரித்தாள். பெண் பார்க்க வந்த அன்று சிரித்த அதே மாதிரி, போன் கையிலிருந்து நழுவுகிற அளவுக்கு. பிறகு, பத்திரிகைக் காகிதம் மெல்லிசாகவே இருக்கட்டும் அத்தா என்றாள்.

டீ அதற்குள் ஆறிவிட்டது. சம்பந்தியம்மா சூடு பண்ணி மறுபடி கொண்டுவந்தார். முழுக்கக் குடித்தேன்.

நிக்காஹ் எங்கள் ஊர் ஆடிட்டோரியத்தில் நடந்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். நான் மாலை போட்டேன், கூட்டி வந்தேன், மேடையில் உட்கார வைத்தேன். பிறகு எழுந்து சுற்றிக்கொண்டு எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்து, பெண்ணின் தகப்பனாக அவன் கையைப் பிடித்து என் மகளைக் கொடுத்தேன்.